சுவரில் முடிந்த தடம்

போன வாரம் அக்காவைக் கையில் போனோடு சமையலறையில் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிற்று.

போனில் இருந்தது தம்பி பெண்டாட்டியின் குரல் பதிவு. அதை அக்கா மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான்தான். பாதியில நிறுத்திடாதீங்க, முழுசாக் கேளுங்க. அவரை வேற ஊர்க் கடைக்கு மாத்துறாங்க. போறேன், மாட்டேன்னு ஏதாவது ஒண்ணை இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதிக் கொடுக்கணும். மனுஷன் சரியாச் சாப்பிட்டு நாலு நாளாச்சு. நீங்க ஒரு வார்த்தை பேசினாப் போதும், இருந்துடுவார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

இப்போது காலை மணி ஏழு. ஐந்துக்குப் பத்து மணி நேரம் இருக்கிறது.

ஒரு வார்த்தைதானே, பேசித் தொலைய வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். ஆனால் அக்காவின் வீம்பு உங்களுக்குப் புதிதா என்ன?

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெற்றவர்கள் போன பிறகு, தன்னைவிடப் பதினோரு வயது சின்னவனான தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. பூங்கா, சதுக்கம், நடைபாதை என்று ஊரார் காலாற நடக்கிற, உட்காருகிற இடங்களை வடிவமைப்பது அவள் தொழில். கைப்பையில் சீப்பு இல்லாமல் போனாலும் போவாள், அளக்கிற டேப் இல்லாமல் வாசற்படி தாண்டமாட்டாள். தம்பி அவளுக்கு வைத்த பட்டப்பெயரே 'டேப்பு'.

பதினான்கு மாதத்துக்கு முன் சண்டை வந்தது ஒரு நாற்காலிக்காக. சிரிக்காதீர்கள், குடும்பங்கள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் உடைந்திருக்கின்றன. தம்பி பெண்டாட்டி ஹாலில் இருந்த நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்தினாள். அக்கா அதைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தாள். அவள் மறுபடி நகர்த்தினாள், இவள் மறுபடி திருப்பி வைத்தாள். மூன்றாவது நாள் தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் பிடிச்ச இடத்துல உட்காரப் பெஞ்சு போடுற. வீட்டுல மட்டும் நாங்க நீ காட்டுற இடத்துலதான் உட்காரணுமா?"

"அப்போ போயேன். உனக்குப் பிடிச்ச இடத்துல போய் உட்காரு."

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவனோ போயே போய்விட்டான். அந்த நாற்காலி இன்றைக்கும் அக்கா வைத்த இடத்தில்தான் இருக்கிறது, அதில் உட்காரத்தான் ஆள் இல்லை.

அக்கா அடுப்பைத் துடைத்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி கழுவிக் கவிழ்த்தாள். ஒற்றை ஆளுக்குச் சமைக்கிற அளவு மட்டும் இந்த டேப்புக்கு இன்னும் பிடிபடவில்லை. ராத்திரி மிஞ்சியது காலையிலும், காலையில் மிஞ்சியது ராத்திரியிலும் அதே தட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று சத்தமாகவே சொன்னாள். வீட்டில் அதைக் கேட்க யாருமில்லை. இப்போதெல்லாம் அவள் இப்படித்தான், சுவரோடும் லிஃப்டோடும் பேசுகிறாள்.

ஒன்பது மணிக்கு அக்கா மைதானத்தில் இருந்தாள்.

முன்பு லாரிகள் நின்ற இடம் அது. ஒரு வருஷம் தகரம் அடித்து மூடி, மண்ணைக் கொத்தி, சமன்படுத்தி, புல் விரித்து, நான்கு மாதத்துக்கு முன்புதான் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நடைபாதை இன்னும் போடவில்லை. அது அக்காவின் பிடிவாதம். முதலில் புல்லை விரித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஜனங்கள் எந்த வழியாக நடக்கிறார்களோ அந்த இடத்தில் புல் தேயும். தேய்ந்த தடத்தில் கல் பதிக்க வேண்டும். நாமாகப் பாதை போட்டு அதில் நடக்கச் சொல்லக்கூடாது.

ஊருக்கு இந்த நியாயம் தெரிந்தவளுக்கு வீட்டு நாற்காலி விஷயத்தில் எங்கே போயிற்று புத்தி? சரி, அதை விடுங்கள்.

அவளோடு பொறியாளர் இருந்தார், நர்சரிக்காரம்மாவும் இருந்தார். பொறியாளருக்குக் கால் தரையில் பாவாது, எப்போதும் அடுத்த கூட்டத்துக்குத் தாமதம். நர்சரிக்காரம்மா செடிகளை வண்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, எங்கே நடுவது என்று இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தார்.

புல்லில் மூன்று தடங்கள் தேய்ந்திருந்தன. ஒன்று கடைத்தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனது. இன்னொன்று பள்ளிக்கூடத்திலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு. இரண்டும் நாலு பேர் தோளோடு தோள் நடக்கிற அகலம்.

மூன்றாவதுதான் வில்லங்கம். மேற்கு வாசலில் ஆரம்பித்து, புல்லைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நேராகப் போய்ச் சுவரில் முடிந்தது. அங்கே வாசல் இல்லை, பெஞ்சு இல்லை, மரநிழல்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் அலுவலகக் கட்டடத்தின் பின்புறம்.

"யாரோ சுவரேறிக் குதிக்கிற ஆசாமி மேடம்" என்றார் பொறியாளர்.

"குதிச்சா சுவத்துல கால் பட்ட அழுக்கு இருக்கும். இல்லையே" என்றாள் அக்கா.

"அப்போ சுவத்தை முட்டிப் பார்த்துட்டுத் திரும்பிப் போறானா?" நர்சரிக்காரம்மா சிரித்தார்.

அக்கா குனிந்து பார்த்தாள். தடம் ஒரு முழ அகலம்கூட இல்லை. சுவரருகே மட்டும் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வட்டமாகப் புல் செத்திருந்தது. நடந்த நேரத்தைவிட நின்ற நேரம் அதிகம்.

"ஆள் எண்ணின கணக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டாள்.

பொறியாளர் தாளைப் புரட்டினார். "காலையில ஏழுலேர்ந்து ஒன்பது, சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு. நீங்க குறிச்சுக் கொடுத்த நேரம்தான். மூணாவது தடத்துல ஒரு ஆள்கூட இல்லை. இப்படியே விட்டா மேலிடத்துல கேள்வி கேப்பாங்க மேடம், எங்கேயும் போகாத பாதை எதுக்குன்னு. முள்செடி நட்டு அடைச்சுடலாம். கையெழுத்துப் போடுங்க, எனக்குப் பத்து மணிக்குக் கூட்டம்."

இந்த இடத்தில் அக்கா என்ன செய்திருக்க வேண்டும் என்பது அவளுக்கே தெரியும். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் சொல்கிற முதல் பாடமே அதுதான். ஒரு தடத்தை அடைக்கும் முன் ஒரு பகல் முழுக்க அதன் பக்கத்தில் உட்கார், நடக்கிறது யார் என்று கண்ணால் பார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடத்தைக்கூட அவள் அப்படிப் பார்க்காமல் அடைத்ததில்லை.

ஆனால் இன்றைக்கு அவள் காதில் வேறு ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. நீங்க ஒரு வார்த்தை பேசினாப் போதும்.

பேனாவை வாங்கினாள், கையெழுத்தைப் போட்டாள்.

"நெருக்கமா நடுங்க. கைபுகக்கூடாது" என்றும் சொன்னாள். அதையும் சொல்லித் தொலைத்தாள்.

மத்தியானம் தன் அறையில் தனியாகச் சாப்பிட்டாள். நான்கு மாதத்துக்கு முன், மைதானத்தைத் திறந்த அதே வாரம், அவளுக்குத் தலைமைப் பதவி கொடுத்து முன்பக்கம் பெரிய அறைக்கு மாற்றிவிட்டார்கள். குளிர்சாதனம் உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு. உள்ளே வரும் எல்லோரும் கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள். அதனாலேயே யாரும் அதிகம் வருவதில்லை.

முன்பு இருந்தது பின்பக்கம், மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலைத் திறந்தால் லாரி நிறுத்தம். அங்கேதான் அந்த நாலு மணி டீ.

அதைச் சொல்லியாக வேண்டும். தம்பி மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கடை இங்கிருந்து பத்து நிமிஷ நடை. நாலு மணிக்கு அவனுக்கு இடைவேளை. அந்த நேரத்துக்கு அக்கா டீ டம்ளரோடு ஜன்னலில் நிற்பாள், உலகமே புரண்டாலும் நிற்பாள். அவன் லாரிகளுக்கு நடுவே வந்து, சுவரோரம் நின்று கையைத் தூக்குவான். அவள் டம்ளரைத் தூக்குவாள். அவ்வளவுதான், போய்விடுவான். ஏழு வருஷம் நடந்தது இந்தக் கூத்து.

அவன் கண்ணாடிக் கடையில் இருக்கிறானே தவிர, கண் படு மோசம். தூரத்தில் முகம் தெரியாது, உடுப்பையும் குடையையும் வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிப்பான். ஒரு தடவை பஸ் நிறுத்தத்தில் பச்சைக் குடையோடு நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் போய், "டேப்பு, சாப்பிட்டியா?" என்று கேட்டுத் திட்டு வாங்கினான். வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

போனை எடுத்தாள். 'தம்பி எப்படி இருக்கான்' என்று தம்பி பெண்டாட்டிக்கு எழுதினாள். அழித்தாள். 'அவனுக்கு இஷ்டம்னா போகட்டும்' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். 'நாற்காலியை ஜன்னலோரம் போட்டுடறேன்' என்று எழுதி, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டிக்கொண்டு யாரோ கோப்போடு வந்தார்கள். அழித்துவிட்டாள்.

நாலு மணிக்கு, பாதை போடுகிற கல்லின் மாதிரி ஒன்று தேவைப்பட்டது. மாதிரிக் கற்களையெல்லாம் அவளுடைய பழைய அறையில்தான் போட்டு வைத்திருந்தார்கள். டீ டம்ளரைக் கையில் பிடித்தபடியே பின்பக்கம் போனாள்.

நான்கு மாதமாக அவள் அந்தக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இடுப்புயரத்துக்குக் கல் அடுக்கு, அட்டைப் பெட்டிகள், உடைந்த பூங்கா மாதிரிகள். அவளுடைய பழைய கோட் ஸ்டாண்டைக்கூட ஒதுக்கி ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். அதில் அவள் வேலைத்தளத்தில் போடுகிற ஆரஞ்சு நிற மேல்சட்டையும், அதற்கு மேல் அகலமான ஓலைத் தொப்பியும் தொங்கின. தொப்பி தம்பி வாங்கிக் கொடுத்தது.

'இதை இங்கேயா விட்டேன்?' என்று நினைத்துக்கொண்டே கல் அடுக்கின் மேலாக எட்டிக் கீழே பார்த்தாள்.

மூன்றாவது தடத்தில் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான்.

வலது தோளைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற நடை. நடை கற்றுக்கொடுத்தவளுக்கு அது யார் என்று தெரியாதா?

முள்செடி வரிசைக்கு முன் அவன் நின்றான். செடியைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் செடியைப் பார்த்தான். பிறகு தலையை உயர்த்தி நேராக இந்த ஜன்னலைப் பார்த்தான்.

அக்கா டம்ளரைத் தூக்கினாள். பழக்கதோஷத்தில் தூக்கினாள். டீ சிந்திக் கையைச் சுட்டது.

அவன் கையைத் தூக்கவில்லை. பார்த்தபடியே நின்றான். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நர்சரிக்காரம்மாவிடம் ஏதோ கேட்டான். அவர் கையை நீட்டி மாடியைக் காட்டினார். தலையாட்டிவிட்டுத் திரும்பினான். வந்த தடத்தில் போகாமல், ஊரார் நடக்கிற பெரிய தடத்தில் ஏறிப் போய்விட்டான்.

"பார்த்துட்டும் பார்க்காத மாதிரி போறான் பாரு!" அக்காவுக்கு மூக்கு நுனி சிவந்தது. "அவ்வளவு ரோஷம் இருக்கிறவன் எதுக்கு இங்க வந்து நிக்கணும்?"

கல்லை எடுத்துக்கொண்டு அறை வாசல் வரை வந்துவிட்டாள். அங்கே அப்படியே நின்றாள்.

செத்துப்போன புல் வட்டம் கண் முன்னால் வந்தது. ஒரு நாளில் புல் அப்படித் தேயாது. நான்கு மாதம், தினமும், நாலு மணிக்கு. அவள் ஆள் வைத்து எண்ணியது ஏழிலிருந்து ஒன்பது, ஐந்திலிருந்து ஏழு.

அந்தத் தடத்தில்தான் முள்ளை நடச் சொன்னாள். இன்றைக்கு, தன் கையெழுத்துப் போட்டு, கைபுகாமல்.

கல்லைப் போட்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் படியிலேயே இறங்கி, முன்வாசல் வழியாகத் தெருவைச் சுற்றி, மைதானத்துக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

தம்பி இல்லை.

"என்ன மேடம் இப்படி இரைக்குது உங்களுக்கு? உட்காருங்க" என்று பதறினார் நர்சரிக்காரம்மா.

"இப்ப ஒருத்தர் வந்தாரே, என்ன கேட்டார்?"

"யாரு, கண்ணாடிக்காரரா? இதை யார் நடச் சொன்னதுன்னு கேட்டார். மேல இருக்கிற மேடம்தான், இந்தப் பார்க்கை வரைஞ்சவங்கன்னு சொன்னேன். எப்போ சொன்னாங்கன்னார். இன்னைக்குக் காலையிலதான்னேன். 'இன்னைக்கா?'ன்னார். ஆமான்னேன். திரும்பவும் 'இன்னைக்கா?'ன்னார். காது மந்தமோன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"'சரிம்மா, புரிஞ்சுது. செடிக்கு நல்லாத் தண்ணி ஊத்துங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நல்ல மனுஷன்தான் போல."

அக்கா செடி வரிசையைச் சுற்றிப் போனாள். சுவரோரம் தம்பி தினமும் நின்ற புல் வட்டத்தில் நின்றாள். அவன் பார்த்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

கண்ணாடி முழுக்க மேற்கு வெயில். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. டம்ளரோடு ஒருத்தி கல் அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தால் அவள் சத்தியமாகக் கண்ணுக்குத் தெரிந்திருக்க மாட்டாள். கண்ணாடியோடு ஒட்டி நின்றது மட்டும்தான் தெரிந்தது. ஓலைத் தொப்பி, அதற்குக் கீழே ஆரஞ்சுச் சட்டையின் முதுகு, முதுகில் இரண்டு வெள்ளைப் பட்டை.

பார்க்கிற யாருக்கும் அது அக்காதான். ஜன்னலில், நாலு மணிக்கு, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற அக்கா.

நான்கு மாதம் தினமும் அவன் வந்து அந்த முதுகைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். இன்றைக்காவது திரும்புவாள் என்று நின்று பார்த்திருக்கிறான். திரும்பாத முதுகுக்காக மறுநாளும் வந்திருக்கிறான். அக்காவுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. நர்சரிக்காரம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் அழவில்லை.

தம்பி பெண்டாட்டியைப் போனில் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள்.

"அக்கா! பேசிட்டீங்களா அவர்கிட்ட? இப்பத்தான் கடையிலேர்ந்து போன் பண்ணினார். 'அக்கா பதில் சொல்லிட்டா, மூட்டையைக் கட்டு'ன்னார். மேலாளர் வந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுவாராம். குரலே சரியில்லைக்கா. என்ன சொன்னீங்க அவரை?"

"மேலாளர் எப்போ வருவார்?"

"அஞ்சுக்கு. கடைக்குப் போன் போட்டுத் தரட்டுமா? நீங்களே பேசுறீங்களா?"

அக்கா யோசித்தாள். தொப்பியை ஜன்னலில் மறந்து விட்டுவிட்டேன், எண்ணுகிற நேரத்தைத் தப்பாகக் குறித்துவிட்டேன் என்று போனில் சொன்னால் எவன் நம்புவான்? அவளே நம்பமாட்டாள்.

"வேண்டாம். நேர்லயே போறேன்."

மணி நாலு நாற்பத்தொன்று. பெரிய தடத்தில் சுற்றிப் போக நேரமில்லை. முள்செடி வரிசையை அப்படியே தாண்டினாள். புடவை மாட்டிக் கிழிந்தது, கணுக்காலில் கீறி ரத்தம் கசிந்தது. "ஐயோ மேடம், இப்பத்தான் நட்டது!" என்று பின்னால் நர்சரிக்காரம்மா கத்தினார். தான் நடச் சொன்ன வேலி எவ்வளவு நெருக்கம் என்று அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தம்பி நடந்து நடந்து தேய்த்த தடம், ஒற்றை ஆளுக்கு மட்டுமே போதுகிற அகலம். அதில் அவன் வந்த திசைக்கு எதிராக, ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை வைத்து, மேற்கு வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

போன் இன்னும் காதில் இருந்தது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? அப்படி என்னதான் சொன்னீங்க அவரை?"

"ஒண்ணும் சொல்லலைம்மா" என்றாள் அக்கா. "பதினாலு மாசமா நான் ஒண்ணுமே சொல்லலை."